மேரிக்கு ஒதுக்கிய இடம்

ஒரு கையால் வேனின் பின்கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அரிசிப் பையை ஓரமாகத் தள்ளினான் ஆல்வின். ஒரு ஆள் காலை மடக்கி உட்காரும் அளவுக்கு இடம் கிடைத்தது. ஒரு பக்கம் ஸ்டெப்னி டயர், மறுபக்கம் மண்ணெண்ணெய் ஸ்டவ்.

"இங்க குந்திக்கிறியாக்கா?"

மேரி தலையாட்டினாள். மூச்சு வாங்கியதால் உடனே பேச முடியவில்லை. வீட்டு வாசலிலிருந்து வண்டி வரைக்கும் பத்தடி. அதற்குள் இரண்டு தடவை நின்றுவிட்டாள்.

"எனக்கு இன்னா தம்பி, எங்க குந்தினா இன்னா. போய் சேந்தா போதும்."

முதலில் அவளுக்கு நடு சீட்டு என்றுதான் இருந்தது. ஆல்வின், அவன் மனைவி ஷாரோன், ஒரு வயதுப் பெண் குழந்தை, அக்கா மேரி. நான்கு பேர் வேளாங்கண்ணி போய்க் குழந்தைக்கு மொட்டை போட்டுவிட்டு வருவது என்று ஏற்பாடு. முந்தாநாள் ஷாரோனின் அம்மா அம்முலு தானும் வருகிறேன் என்றாள். அம்முலு வந்தால் மகன் சின்னராசு வராமல் இருப்பானா? அவன் வந்தால் அவன் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். வேண்டாம் என்று ஆல்வினால் சொல்ல முடியாது. ஒரகடம் பக்கத்துக் கம்பெனியில் சின்னராசு சூப்பர்வைசர். மானாம்பதி ரோட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் ஷிப்டுக்கு விடும் வேலையை ஆல்வினுடைய ஆம்னி வேனுக்கு வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான்.

மேரியின் கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. இடது கணுக்காலில் தோல் வெடித்து நீர் கசிந்துகொண்டிருந்தது. பழைய வேட்டியைக் கிழித்து ஷாரோன் கட்டுப் போட்டிருந்தாள். அதிலிருந்து லேசான வாடை வந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்த அம்முலு, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதும், சின்னராசு சொன்னான். "பின்சீட்ட கயட்டிட்டு பாய் போட்டுடு மாப்ள. ஷாரோன் கொயந்தய படுக்க வெச்சிக்கினு அங்க குந்தட்டும். ஒங்கக்காவும் கடசில காலு நீட்டிக்கினு வரட்டும்."

கால் நீட்டத்தான் இடமில்லை.

மேரி மடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். உடம்பில் தங்கும் தண்ணீரை இறக்க பெரியாஸ்பத்திரியில் கொடுத்தது. காலையில் ஒன்று போட்டால் மத்தியானம் வரைக்கும் அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து போகவேண்டும். அம்முலு அதைப் பார்த்துவிட்டாள்.

"மேரி, இன்னிக்கு ஒரு நாளு அது வேணாம்மா. வயி பூரா நிறுத்திக்கினே போனா எப்ப போய் சேர்றது?"

மேரி ஆல்வினைப் பார்த்தாள். அம்மா செத்தபோது அவனுக்கு மூன்று வயது, அவளுக்குப் பதினான்கு. அப்பா முனியன் குடித்துவிட்டு ஏரிக்கரையில் கிடப்பார். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே நடவுக்குப் போவாள். வரப்பில் உட்காரவைத்துவிட்டுச் சேற்றில் இறங்குவாள். இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு வருவேன் என்றாள். அவர்கள் திரும்ப வரவில்லை. அப்படி வளர்த்தவள் இப்போது மாத்திரையைப் போடலாமா என்று அவனைக் கேட்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள்தானேக்கா" என்றான் ஆல்வின். அட்டையை அவள் கையிலிருந்து வாங்கி, முன்னால் கொண்டுபோய் ஸ்டியரிங் பக்கத்துப் பெட்டியில் போட்டு மூடினான்.

"எதுனா ஒண்ணுன்னா தகரத்துல தட்டு. நிறுத்தறேன்."

விடியும் நேரத்தில் உத்திரமேரூரைத் தாண்டினார்கள். மாதா பாட்டு கேசட் ஓடியது. பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு வந்தார்கள். சின்னராசு முன்சீட்டில் உட்கார்ந்து, முந்திப் போகிற பஸ்ஸையெல்லாம் பார்த்து, "வுடாத மாப்ள, புடி" என்றான். இவ்வளவு தூரம் ஆல்வின் வண்டி ஓட்டியதே இல்லை. தன் வண்டியில் தன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கடலோரம் வரைக்கும் போவது, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைக்கே ஒரு மிடுக்கைக் கொடுத்தது.

திண்டிவனத்தில் நாஷ்டா. எல்லோரும் இறங்கினார்கள். மேரிக்கு இரண்டு இட்லியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்ப் பின்கதவைத் திறந்தான் ஆல்வின். அவள் முகம் உப்பியிருந்தது. உதட்டோரம் கறுத்திருந்தது.

"சாஞ்சா மூச்ச முட்டுது தம்பி. நிமுந்தே குந்திக்கினு வரேன்." கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள். "இது தொறக்காதா?"

"அது தொறக்காதுக்கா. சைடு கண்ணாடிதான் நவுரும்."

அவளை முன்னால் உட்காரவைத்தால் காற்று வரும் என்று நினைத்தான். சின்னராசுவைப் பின்னால் போகச் சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது என்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோதே, "மாப்ள, டைமாவுது" என்று அவன் கூப்பிட்டுவிட்டான். ஆல்வின் கதவைச் சாத்தினான்.

பாண்டிச்சேரி தாண்டியதும் முதல் தட்டு கேட்டது. மூன்று தட்டு. ஆல்வின் வேகத்தைக் குறைத்தான்.

"இப்பதானே நிறுத்தனோம்?" என்றான் சின்னராசு. "மாத்திரையே போடல, அப்பறம் இன்னா ஒண்ணுக்கு? பன்னண்டு மணிக்குள்ள மொட்ட அடிக்கலன்னா கூட்டம் நெருக்கிடும். கடலூர் போய் பாத்துக்கலாம்."

கடலூரில் பாலத்தின்மேல் லாரிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. அதைத் தாண்டியதும் நிறுத்த மறந்து போயிற்று. மறந்தானா, நிறுத்தவில்லையா என்று ஆல்வினுக்கே தெரியவில்லை. மறுபடி தட்டு கேட்டது. இந்தத் தடவை ஒழுங்கில்லாமல், விட்டு விட்டு.

"கொஞ்சம் பொறுத்துக்கோக்கா" என்று திரும்பாமலே கத்தினான்.

"கொயந்த முயிச்சிக்கப்போவுது" என்றாள் அம்முலு. "இவ்ளோ பெரிய பொம்பளைக்கி அடக்கத் தெரியாதா?"

சின்னராசு கேசட்டின் சத்தத்தைக் கூட்டினான். ரோட்டோரம் காவி கட்டிய கூட்டம் ஒன்று, சிறிய வண்டியில் மாதா சிலையை வைத்து இழுத்துக்கொண்டு நடந்தே போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் அவர்களுக்குக் கை காட்டினார்கள். புதுச்சத்திரம் தாண்டி இரண்டு மைல் போனபிறகுதான், தட்டும் சத்தம் நின்றுவிட்டதை ஆல்வின் கவனித்தான். அப்பாடா என்றிருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான். ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தான்.

சீர்காழியில் டீக்கு நிறுத்தினார்கள். ஷாரோன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கி, யாரோடும் பேசாமல் ஒரு புளியமரத்தடியில் போய் நின்றாள். ஆல்வின் ஒரு கிளாஸ் டீயை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். கதவைத் தூக்கியதும் மேரி அவன் பக்கமாகச் சரிந்தாள். தோளால் முட்டுக்கொடுத்தான். கிளாஸ் சாய்ந்து, ஆவி பறக்கும் டீ அவள் புறங்கைமேல் கொட்டியது.

கை அசையவில்லை.

துண்டால் அந்தக் கையைத் துடைத்தான். ஒருமுறை துடைத்தபிறகும் இன்னொருமுறை துடைத்தான். வாய் பாதி திறந்திருந்தது. கண்ணும் முழுதாக மூடவில்லை.

"அக்கா" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

புளியமரத்தடியில் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷம் காத்துப் பெற்ற குழந்தை. இங்கிருந்து வண்டியைத் திருப்பினால் அம்முலு என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும். பிறந்த ஒரு வருஷத்தில் அத்தையை முழுங்கிவிட்டது என்பாள். அந்தப் பேச்சு ஊரைச் சுற்றி வந்து பெண்ணின் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும். லீவு போட்டுவிட்டு வந்த சின்னராசுவின் முகம் எப்படி மாறும் என்றும் தெரியும். அக்கா எதற்காக இந்த உடம்போடு கிளம்பி வந்தாள் என்பதும் நினைவுக்கு வந்தது. தம்பிக்குக் குழந்தை பிறந்தால் பழைய கோயிலிலிருந்து பெரிய கோயில் வரைக்கும் மணலில் முழங்காலிலேயே போகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். வந்தவழியே திரும்பிப் போக அவளே சம்மதிக்கமாட்டாள். நீ போ தம்பி, கொயந்த காரியத்தப் பாரு என்பாள். அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள் என்பது அவனுக்கு வசதியாக இருந்தது.

அவளை நிமிர்த்தி ஸ்டெப்னிமேல் சாய்த்தான். சரியாதபடி அரிசிப் பையை இழுத்து அண்டக்கொடுத்தான். முந்தானையை எடுத்து முகத்தை மூடினான். கதவைச் சாத்திவிட்டு, கிளாசில் மிச்சமிருந்த டீயைக் குடித்தான்.

"இன்னா மாப்ள, அக்கா தூங்குதா?"

"தூங்குது" என்றான் ஆல்வின்.

காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம். கண்ணாடியில் பின்பக்கம் பார்க்காமல் வண்டி ஓட்டினான். வேளாங்கண்ணியில் தென்னந்தோப்பு ஒன்றில் வண்டியை நிறுத்தியபோது மணி பன்னிரண்டு ஆகவில்லை. "கெட்டிக்காரன்யா நீ" என்று சின்னராசு அவன் முதுகில் தட்டினான்.

"அவள எழுப்பாதீங்க" என்றாள் அம்முலு. "எழுப்பனா நடக்க முடியாது, நம்மதான் தாங்கிக்கினு போவணும். நம்ம வேலய முடிச்சிக்கினு வந்து அப்பால இட்டுக்கினு போலாம்."

ஷாரோன் வண்டியைத் திரும்பியே பார்க்கவில்லை.

மொட்டை போடும்போது குழந்தை வீறிட்டது. தலையில் சந்தனம் பூசினார்கள். மெழுகுவர்த்தி வாங்கினார்கள். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். மாதா முன்னால் போனதும் ஆல்வினுக்கு வேண்டிக்கொள்ள ஒன்றும் வரவில்லை. பின்னாலிருந்து தள்ளினார்கள், நகர்ந்துவிட்டான்.

தோப்புக்குத் திரும்பி, வண்டிக்குப் பத்தடி தள்ளி நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டார்கள். ஆல்வினும் சாப்பிட்டான். அம்முலு ஒரு இலையில் கொஞ்சம் வைத்து மடித்து, "மேரிக்குக் குடு" என்று மருமகளிடம் நீட்டினாள்.

மருமகள் போட்ட கூச்சலில் தோப்பிலிருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். ஆல்வினும் எழுந்து ஓடினான். ஓடும்போதே, எவ்வளவு வேகமாக ஓடவேண்டும் என்று மனதுக்குள் ஒரு கணக்கும் ஓடியது.

சின்னராசு எல்லோரையும் விலக்கிக்கொண்டு மேரியின் முழங்கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தான். மடங்கவில்லை. ஆல்வினைத் தள்ளி அழைத்துக்கொண்டு போனான்.

"இது இப்ப செத்த ஒடம்பு இல்ல மாப்ள."

ஆல்வின் தரையைப் பார்த்தான்.

"சரி வுடு." சின்னராசு தோளில் கை போட்டான். "கொயந்த காரியம் நல்லபடியா முடிஞ்சிச்சு, அது போதும். ஆஸ்பத்திரி, போலீசுன்னு போனா பேஜாரு. அப்படியே ஊருக்கு ஓட்டிடு. நாங்க பஸ்ஸுல வரோம்."

அம்முலு குழந்தையை ஷாரோனின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மொட்டை அடித்த குழந்தையைப் பிணத்தோடு ஏற்றக் கூடாதாம். பைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு ஐந்து பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். வண்டி காலியாகிவிட்டது. பாயின்மேல் மேரியைப் படுக்கவைத்தார்கள். மடக்கி உட்கார்ந்த கால் நீளவில்லை. ஆல்வின் முட்டியை அமுக்கினான். கையை எடுத்ததும் அது திரும்ப மேலே வந்தது. இப்போது கால் நீட்ட வேண்டிய இடமிருந்தது, கால்தான் நீளவில்லை. ஷாரோன் யாரும் சொல்லாமலே பின்னால் ஏறி, நாத்தனார் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

பொழுது சாய்ந்தது. சிதம்பரம் தாண்டி, வயல்வெளியில் மூடியிருந்த ரயில்வே கேட் முன்னால் எஞ்சினை அணைத்தபோது ஷாரோன் வாயைத் திறந்தாள்.

"அண்ணி ஒண்ணுக்குப் போவத் தட்டல."

ஆல்வின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான்.

"மூச்சுக்குத் தட்டனாங்க. வாய தொறந்து தொறந்து மூடனாங்க. சத்தமே வர்ல. கொயந்த நெளிஞ்சிது. எங்கம்மா வேற திட்டிக்கினே வந்துச்சா... நான்தான் அவங்க கைய புடிச்சிக்கினேன். தட்டாதீங்க அண்ணின்னு."

ரயில் எங்கோ தூரத்தில் கூவியது.

"ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிக்கினேன். மொதல்ல இஸ்துப் பாத்தாங்க. அப்பால அவங்களும் என் கைய கெட்டியா புடிச்சிக்கினாங்க. என்ன பாத்துக்கினே இருந்தாங்க. கொஞ்ச நேரம் கயிச்சி வுட்டுட்டாங்க."

"எங்க?" என்று கேட்டான். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

"ரோட்டோரமா காவி கட்டிக்கினு மாதாவ இஸ்துக்கினு போனாங்களே, பசங்க கூட கை காட்டிச்சிங்க. அங்க."

"ஏன் சொல்லல?"

ஷாரோன் மேரியின் முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள்.

"நீ கூடத்தான் சீர்காழில கதவத் தொறந்த. உடனே மூடன. டீய குடிச்ச. நான் மரத்தாண்ட நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். நீ சொல்லுவன்னு நெனச்சேன்."

ரயில் தடதடவென்று கடந்துபோனது. கேட் திறந்தது. பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தபிறகுதான் ஆல்வின் சாவியைத் திருப்பினான். ஊர் வந்து சேரும்வரை அதைப்பற்றி அவர்கள் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

காலையில் உபதேசியார் வந்து ஜெபம் சொல்லிவிட்டு, சிலுவையில் எழுதுவதற்காகக் கேட்டார். "எப்பம்மா உயிர் போச்சு?"

ஆல்வின் வாயெடுப்பதற்குள் ஷாரோன் சொன்னாள்.

"மத்தியானம். மாதாவப் பாத்துட்டு வந்து வண்டில குந்தனாங்க. அப்படியே போயிட்டாங்க."

சொல்லும்போது குரல் பிசகவில்லை. கூடியிருந்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள். குடுத்து வெச்சவ என்றாள் ஒருத்தி. நமக்கெல்லாம் இப்படி ஒரு சாவு வருமா என்றாள் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தெருக்காரர்களும் வந்து மேரியின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முந்தின ராத்திரியே பஸ்ஸில் வந்து சேர்ந்துவிட்ட அம்முலு, "நான்தான் கைத்தாங்கலா இட்டுக்கினு போனேன், எங்கம்மா மேரி" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். சின்னராசு பந்தலுக்கு ஆள் சொல்லிவிட்டு, நாளைக்குக் காலை ஷிப்டுக்கு வண்டி வந்துவிடுமா என்று ஆல்வினிடம் மெதுவாகக் கேட்டான். வந்துவிடும் என்று சொன்னான் ஆல்வின்.

மேரியோடு முப்பது வருஷம் நடவுக்குப் போன செங்கேணிதான் உடம்பைக் கழுவினாள். வெந்நீரை ஊற்றி ஊற்றி, நீவி நீவி, மடங்கியிருந்த கால்களை நீட்டினாள். தட்டிக்கு வெளியே தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஆல்வினுக்கு அவள் குரல் கேட்டது.

"முட்டி போட்டுதான் போச்சா?"

"ஆமா" என்றாள் ஷாரோன் உள்ளேயிருந்து.

"மணல்லயா?"

"ஆமா."

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. தட்டியின் இடுக்கு வழியாக அவளுடைய கை மட்டும் தெரிந்தது. மேரியின் முழங்கால்மேல் அந்தக் கை இருந்தது. சிராய்ப்போ கன்றலோ இல்லாத, வீங்கிப் பளபளத்த முழங்கால். அப்புறம் அந்தக் கை புதுப் புடவையை எடுத்து, கால் தெரியாதபடி பாதம் வரைக்கும் இழுத்துவிட்டது.

மத்தியானம் ஒரு மழை பிடித்துவிட்டது. கல்லறை ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வழியெல்லாம் களிமண்.

"வண்டிலயே வெச்சிக்கினு போய்டலாமே" என்றார் உபதேசியார். "ஏரிக்கரை வரைக்கும் போவுமே."

"வண்டி வேணாங்க" என்றான் ஆல்வின்.

"மயில எப்பிடிப்பா தூக்கறது?"

"வேணாங்க."

நான்கு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். தலைமாட்டில் ஆல்வின் தோள் கொடுத்தான். பெட்டி எதிர்பார்த்ததைவிடக் கனத்தது. வீங்கின உடம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது. ஏரிக்கரை இறக்கத்தில் சேறு கணுக்கால் வரைக்கும் வந்தது. அவனுடைய இடது கால் செருப்பு உள்ளே புதைந்துகொண்டது. இழுத்தான், வரவில்லை. பின்னால் வருகிறவர்கள், "நிக்காத, நிக்காத, வழுக்குது" என்றார்கள். காலை மட்டும் உருவிக்கொண்டான். பெட்டியிலிருந்து ஒரு கையை எடுத்தால் மற்ற செருப்பையும் கழற்றி எறிந்திருக்கலாம். எடுக்கவில்லை. ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக, ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கல்லறை வரைக்கும் நடந்தான். பின்னால் வந்தவர்கள் சேற்றில் கிடந்த செருப்பை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். அது புதைந்த குழியில் மழைத்தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது.